கை படாத காசு

புதுக்கோட்டையில் என்னைத் தெரியாதவர்களே இல்லை என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் எங்கள் நாணயச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள் என்பதும், அவர்களில் பாதிப் பேர் காலமாகிவிட்டார்கள் என்பதும், அது தெரியாமல் நான் அவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பதும் வேறு விஷயம். அந்தச் சங்கத்துக்கு நான்தான் நிரந்தரத் தலைவன். பெயர் அருணகிரி. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தலைவர் பதவிக்குத் தேர்தல் வைத்ததில்லை. எதிர்த்து நிற்க ஆள் கிடைக்கவில்லை.

என் பெருமைக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு செப்புக்காசு. அம்மன் காசு என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சமஸ்தானக் காலத்துச் சின்னக் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இதை ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். சாதாரண அம்மன் காசு கைநிறையக் கிடைக்கும். என்னிடம் இருந்தது சாதாரணக் காசு இல்லை. அச்சடித்தவன் கை நழுவி, ஒரே காசில் இரண்டு தரம் அடித்துவிட்டான். அம்மனுக்கு இரண்டு முகம். உலகத்தில் அது ஒன்றுதான் என்று நான் எழுதியிருக்கிறேன், என் பேச்சை நானே மேற்கோள் காட்டியும் இருக்கிறேன்.

அந்தக் காசை நான் வளர்த்த மாதிரி என் மகளை வளர்க்கவில்லை என்பாள் என் மனைவி உண்ணாமலை. பஞ்சுக் கையுறை போடாமல் பெட்டியைத் திறக்க மாட்டேன். இடுக்கியால் தூக்குவேன். வருடத்துக்கு ஒருமுறை அசிட்டோனில் குளிப்பாட்டி, பஞ்சில் ஒற்றி, திரும்பப் படுக்க வைப்பேன். மகளை நான் ஒரு தீபாவளிக்குக்கூட எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. உண்ணாமலைக்கு அந்தப் பெட்டியின் பக்கம் வரவே அனுமதி இல்லை. அவள் கையில் எப்போதும் மஞ்சளோ புளியோ இருக்கும்.

சும்மா இருந்திருக்கலாம். காசை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். அடுத்த வருடமே ஆன்லைன் சந்தையில் இன்னொரு இரட்டை முக அம்மன் காசு விற்பனைக்கு வந்தது. உலகத்தில் இருக்கிற இரண்டும் என்னிடமே இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. வாங்கினேன். பார்சலைப் பிரித்து லென்சுக்கு அடியில் வைத்தால், அம்மனின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு கீறல். அது என் இடுக்கி போட்ட கீறல். அதாவது, நான் போட்ட படத்தைப் பார்த்து யாரோ செய்த காசை, நானே சண்டை போட்டு ஏலத்தில் வாங்கியிருக்கிறேன்.

குப்பைக் கூடையில் எறிந்தேன். உண்ணாமலை எடுத்துக்கொண்டாள்.

“அம்மன் மொகம் இருக்குல்ல. குப்பையில போடலாமா?” என்று சொல்லி, அதைத் துடைத்துப் பூஜை அறைக் குங்குமச் சிமிழில் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். போலி நாணயங்களை ஒழித்துக்கட்டாமல் ஓயமாட்டேன் என்று எல்லா ஆன்லைன் சந்தைகளுக்கும் கடிதம் எழுதினேன். வருடக்கணக்கில் எழுதினேன். அந்த நேரத்தில்தான் கைமானி என்ற கருவி வந்தது. சந்தைக்காரர்கள் சென்னையில் ஒரு கூட்டம் போட்டு நிபுணர்களிடம் யோசனை கேட்டார்கள். நான் எழுந்து நின்று இரண்டு யோசனை சொன்னேன். ஒன்று, போலி என்று தெரிந்த காசை அந்த இடத்திலேயே உருக்கிவிட வேண்டும், திருப்பிக் கொடுத்தால் வேறு இடத்தில் விற்பான். இரண்டு, நிபுணர்களின் கருத்தைக் கேட்கவே கூடாது, நிபுணனும் மனிதன்தான், விலைக்குப் போவான், கருவி சொல்வதே முடிவு. கைதட்டினார்கள். இரண்டையும் விதியாக்கினார்கள். எங்கள் மாவட்டத்துக்கான கைமானியை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

“இது என்னங்க, கிரைண்டர் மாதிரி இருக்கு?” என்றாள் உண்ணாமலை.

“கைமானி. ஒரு காச யாராவது தொட்டா, அவங்க வேர்வை உலோகத்துக்குள்ள கொஞ்சமா எறங்கும். ஒவ்வொருத்தர் வேர்வையும் ஒரு தினுசு. அத இது அடுக்கு அடுக்கா படிச்சிடும். பழைய காசுன்னா அடுக்கடுக்கா கை இருக்கும். பட்டறையில நேத்து அடிச்சதுன்னா ஒரு கையும் இருக்காது.”

“அப்ப ஒங்க காசுல?”

“என் காசுக்கென்ன” என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. காசை விற்க வேண்டும் என்றால் கைமானிச் சான்று வேண்டும். வைப்பார்கள், பச்சை எரியும், போவார்கள். சிவப்பு எரிந்தால் கருவியின் அடியில் ஒரு வாய் திறந்து காசை விழுங்கி, மிளகளவு உருண்டையாகத் துப்பும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் தாத்தா வைத்திருந்த காசு உருகியதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, “இனிமே சான்று பாத்து வாங்குங்க சார்” என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன். தாத்தாவைச் சான்று பார்த்து எப்படி வாங்குவது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இப்படியிருக்கையில் ஊரில் ஒரு அறக்கட்டளை புதிதாகக் காட்சியகம் கட்டியது. அதில் ஓர் அறைக்கு ‘அருணகிரி நாணய அறை’ என்று பெயர் வைக்கிறோம், நடுவில் உங்கள் இரட்டை முக அம்மன் காசு இருக்கட்டும், நவராத்திரி முதல் நாள் திறப்பு என்றார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு கைமானிச் சான்று மட்டும் வேண்டுமாம். சான்று கொடுப்பவனிடமே சான்று கேட்கிறார்களே என்று சிரித்தேன். கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, கருவிக்குள் வைத்தேன்.

சிவப்பு எரிந்தது. அடியில் வாய் திறந்தது.

எப்படித்தான் அந்த வாய்க்குள் என் இடுக்கியை நுழைத்துத் தடுத்தேனோ தெரியாது. ஒரு கையால் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். யாழினி என்ற பெண் வீடியோவில் வந்தாள். கருவியில் கோளாறு என்றால் அவள்தான் வருவாள்.

“சார், காசுல ஒரு கைகூட இல்லயே” என்றாள்.

“அது எப்படிம்மா இல்லாமப் போகும்? சமஸ்தானக் காசு.”

“எதுலயாவது கழுவினீங்களா?”

“கழுவல. அசிட்டோன்ல குளிப்பாட்டுவேன்.”

“எப்பப்போ?”

“வருஷா வருஷம்.”

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த மெஷின் பாக்குறதே அந்த உப்பையும் எண்ணெயையும்தான் சார். நீங்க அத வருஷா வருஷம் எடுத்து வெளிய ஊத்தியிருக்கீங்க. சரி, நீங்களாவது தொட்டிருப்பீங்களே?”

“கையுறை இல்லாம நான் தொட்டதே இல்ல” என்றேன். அந்த நேரத்திலும் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

“அப்ப மெஷினுக்கு இது நேத்து செஞ்ச காசு சார். கழுவின காசு எல்லாத்துக்கும் இப்படித்தான் வருது. ஒரே ஒரு மறுபரிசோதனை கேக்கலாம், நவராத்திரிக்குள்ள. அதுவும் சிவப்புன்னா உருக்கித்தான் ஆகணும். ரூல் அப்படி.”

“ரூலப் போட்டது யாருன்னு தெரியுமா ஒனக்கு?”

“எங்க ட்ரெயினிங்ல ஒங்க வீடியோதான் சார் மொதல்ல காட்டினாங்க.”

நான் அந்த வாத்தியாரை நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டிலும் யாராவது புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள்.

உலகத்திலேயே ஒரே காசு, அசல் காசு, என் காசு. அசல் என்று சொல்ல இந்த ஊரில் ஒரே நிபுணன் நான். என் பேச்சைக் கேட்கக் கூடாது என்று விதி போட்டவனும் நான். நவராத்திரிக்குள் அந்தக் காசில் கைகள் ஏற வேண்டும், அல்லது அது உருக வேண்டும். கை ஏற்றத் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான்.

மருதப்பன் எங்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவன். போலிக்காசு செய்கிறான் என்று சந்தேகப்பட்டு நான்தான் அவனை நீக்கினேன். நீக்கியது தெரியாமல் அவனும் ரொம்ப நாள் வாட்ஸ்அப்பில் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தான். ஊருக்கு வெளியே, மூடிப்போன முந்திரி ஆலையின் ஷெட்டில் ஏதோ செய்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். போனேன்.

“வாங்கண்ணே” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். காசை லென்சில் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நம்ம அம்மன். இத நேர்ல பாக்குறது இப்பதான்ணே. ஒங்க படத்த வெச்சுதான் நான் தொழிலே கத்துக்கிட்டேன். அந்த முழங்கால் கீறலுக்கு மட்டும் ஒரு வாரம் ஆச்சு.”

“அந்தக் கீறல் என் இடுக்கி போட்டது.”

“அப்படியா. நான் அம்மனுக்கு ஏதோ நகைன்னுல்ல நெனச்சேன்.” பிறகு மெதுவாகக் கேட்டான். “அண்ணே, இது ஒரிஜினலு. இதுக்குப் போயி எங்கிட்ட கை ஏத்தச் சொல்றீங்களே. ஒங்களுக்கே கூச்சமா இல்லியா?”

இருந்தது. இருந்தும் உட்கார்ந்திருந்தேன்.

ஷெட்டுக்குள் பாயில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்பு அங்கேயே முந்திரி உடைத்தவர்கள். நடுவில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். காசைத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்த்து, பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை நூறு வருஷ ஆழத்துக்கு இறங்கும் வரை தேய்ப்பார்கள், அதன் மேல் அடுத்த கை. எந்த அரண்மனைக் கஜானாவிலும் காசு இத்தனை அக்கறையாகக் கைமாறியிருக்காது.

“அடிக் கை பவுனம்மாக்காதான் போடணும்” என்றான் மருதப்பன். “அது வேர்வைதான் ஆழமா எறங்கும். அதுதான் அஸ்திவாரம். மத்தவங்கள்லாம் அதுக்கு மேல.”

பவுனம்மாள் என்பவள் ஒல்லியாக, நரைத்த தலையை இழுத்து முடிந்து, வெற்றிலை போட்ட வாயோடு இருந்தாள். நான் இடுக்கியால் காசை நீட்டியதும் என் கையுறையைப் பார்த்தாள்.

“கை வெந்து போச்சாய்யா?”

“இல்லம்மா. காசுல கை படக்கூடாதுன்னு.”

“கை படத்தானே கொண்டாந்துருக்கீக” என்று சொல்லிவிட்டு, என் காசை உப்புத் தண்ணீரில் முக்கினாள். அசிட்டோனைத் தவிர வேறு எதையும் அறியாத காசு.

காசை விட்டுவிட்டு வர மனம் இல்லை. தினமும் ஷெட்டுக்குப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

“புள்ளயப் பள்ளிக்கொடத்துல விட்டுட்டு வாசல்லயே நிப்பாக பாரு, அந்த மாதிரி நிக்கிறாக” என்று பவுனம்மாள் மற்றவர்களிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

ஒருநாள் கேட்டேன். “இந்த வேல கஷ்டமா இல்லியாம்மா?”

“முந்திரிக்கு இது தேவலய்யா. அந்தக் கொட்டையோட பால் பட்டா தோலு வெந்துரும். இதுல தோலு தேயுது, அவ்வளவுதான்.” கையை விரித்துக் காட்டினாள். கழுவிய தட்டு போல வழவழவென்று இருந்தது. ரேகை என்று எதுவும் இல்லை. நான் லென்சை எடுத்துப் பார்க்கப் போய், அப்புறம் வெட்கப்பட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுபரிசோதனை அன்றைக்குக் காசை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பச்சை. ‘நாள்பட்ட தொடுகை. பல கைகள். உழைப்பாளிகளின் வேர்வை அடையாளம். உண்மை’ என்று சான்று வந்தது. போலிகளை ஒழிக்கப் பிறந்தவன், போலியாகக் கை ஏற்றிய அசல் காசுக்கு, அசல் சான்றில் கையெழுத்துப் போட்டேன். காட்சியகத்தார் வந்து காசை வெல்வெட்டில் வைத்துக் கண்ணாடி போட்டு, ‘தொடாதீர்கள்’ என்று பலகை மாட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் பவுனம்மாள் வீட்டுக்கு வந்தாள். உண்ணாமலை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தாள். அவள் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“ரேசன் கடையில வெரல் வெச்சா செவப்பு லைட்டு எரியுதுய்யா. ரேகை இல்லேங்குது. கண்ணக் காட்டச் சொன்னாக. கண்ணு ஆப்பரேசன் பண்ணது, அதுக்கும் ஆள் தெரியல. போன் நம்பரு மகன் நம்பரு. அவன் திருப்பூர் போயி நம்பர மாத்திட்டான்.”

“ஆபீஸ்ல சொன்னீங்களா?” என்றாள் உண்ணாமலை.

“போனேன் தாயி. இப்பல்லாம் கைமானிச் சான்று இருந்தா ஏத்துக்கிருவோம், கொண்டான்னு சொல்லிட்டாக. வேர்வை மாறாதாமே. அதான் அய்யாகிட்ட வந்தேன்.”

நான் கைமானியை அவளிடம் விளக்கினேன். விளக்குவதில் எனக்கு என்றைக்கும் குறை கிடையாது. ஒரு கை இன்னாருடையது என்று சான்று தர வேண்டும் என்றால், முன்பே பதிவான ஏதாவது ஒரு பொருளில் அந்தக் கை இருக்க வேண்டும், அந்தப் பொருளின் சொந்தக்காரர் ‘இவர் இதை இன்ன காலத்தில் தொட்டார்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஷெட்டில் அவள் தேய்த்த மற்ற காசெல்லாம் பொய்ப் பெயர்களில் எங்கெங்கோ விற்றுப்போய்விட்டன.

“நம்ம காசுல என் கை இருக்குல்லய்யா” என்றாள்.

‘நம்ம காசு’ என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

உண்ணாமலை என்னைப் பார்த்தாள். “எழுதிக் குடுங்களேன்.”

“ஒனக்குப் புரியாது. அடிக் கை இவங்களோடது. இவங்க இந்த வருஷம் தொட்டாங்கன்னு நான் எழுதினா, அடியே இந்த வருஷம்னு ஆகும். அதுக்கு மேல இருக்கற எல்லாக் கையும் இந்த வருஷம்னு ஆகும். காசு போலின்னு ஆகும்.”

“போலின்னு ஆனா?”

“உருக்கணும்.”

“அசல் காசுதானேங்க. நீங்க சொல்லக் கூடாதா?”

“நான் சொன்னா செல்லாது” என்றேன். ஏன் செல்லாது என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தின் வீடியோவை நான் அவளுக்குப் பல தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன்.

பிறகு நான் செய்தவை எதுவும் எனக்குப் பெருமை தரக்கூடியவை அல்ல. தாசில்தாரைத் தெரியும், பேசிப் பார்க்கிறேன் என்றேன். எனக்கு எந்தத் தாசில்தாரையும் தெரியாது. அடுத்த மாதம் வாருங்கள், அதற்குள் சட்டம் மாறும் என்றேன். கடைசியில், “அரிசிதானேம்மா, மாசாமாசம் நானே வாங்கித் தந்துடறேன்” என்றேன்.

பவுனம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அரிசிக்கு வரலய்யா. அரிசி எப்படியாச்சும் தேத்திக்கிருவேன். நான் அங்க நிக்கிறேன், நான் இல்லேங்குது அந்த மிசினு. பின்னாடி நிக்கிறவுகள்லாம் பாக்குறாக. எங்க வீட்டுக்காரர் செத்தப்பகூட நான் இப்படி அழுவல.”

அழுதுகொண்டு சொல்லவில்லை. காபிக்குச் சர்க்கரை போதும் என்பதுபோலச் சொன்னாள். எழுந்து, “வாரேன் தாயி” என்று உண்ணாமலையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உண்ணாமலை என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பாழாய்ப்போன கருவி மேஜையில் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அங்கேயே இருந்தது. எனக்கு அந்தக் காசை விட்டுக்கொடுக்க மனமில்லை. இதைச் சொல்லவும் வேண்டுமா? வாழ்க்கையில் என்னிடம் இருந்த ஒரே விசேஷம் அது. அது போனால் நான் ஓய்வுபெற்ற மேலாளர், ரத்தக் கொதிப்பு உள்ளவர், அவ்வளவுதான்.

இருந்தும் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் பவுனம்மாளைப் பிடித்துவிட்டேன். மூச்சு வாங்க அவள் எதிரே போய் நின்றேன்.

“என்னய்யா, காபி டம்ளர எடுத்துட்டா போயிட்டேன்?” என்றாள்.

காட்சியகத்தில் இருந்து காசை வாங்கி வரப் பெரும்பாடாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை கழுவ வேண்டும் என்று பொய் சொன்னேன். என்னைத் தெரிந்தவர்கள் ஆனதால் நம்பினார்கள். பவுனம்மாளை மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, யாழினியைக் கூப்பிட்டு, வாக்குமூலத்தைப் படித்தேன். என் வேண்டுகோளின் பேரில் இந்த ஆண்டு இவர் இந்தக் காசைத் தொட்டார், அடிக் கை இவருடையது, இது என் ஏற்பாடு, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தேன். மருதப்பனின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மற்றப் பெண்களையும் தேடிப் போவார்கள்.

யாழினி இரண்டு தடவை படித்தாள்.

“சார், இத நான் ஏத்தினா ஒங்க காசு ஃபெயில் ஆகும். ஒங்க பேர்ல நடவடிக்கை வரும். மெஷினத் திரும்ப எடுத்துப்பாங்க.”

“தெரியும்மா.”

“அது ஒரிஜினல்னு எனக்கே தோணுது சார்.”

“ஒனக்குத் தோணறதும் செல்லாது. ஏத்து.”

கருவி பவுனம்மாளைக் காசைக் கையில் பிடிக்கச் சொன்னது. பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் சான்று அச்சாகி வந்தது. ‘இந்தக் கை திருமதி பவுனம்மாளுடையது. உண்மை.’ அவளுக்குப் படிக்கத் தெரியாது. உண்ணாமலை படித்துச் சொன்னாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் பவுனம்மாள். உண்ணாமலை இன்னொரு தடவை படித்தாள்.

பிறகு சிவப்பு எரிந்து, அடியில் வாய் திறந்தது.

“இந்தாங்கய்யா” என்று பவுனம்மாள் காசை நீட்டினாள். நான் பழக்க தோஷத்தில் கையுறையைத் தேடினேன். மேஜையில் இல்லை. உண்ணாமலை அதை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள் என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். உள்ளங்கையை நீட்டினேன். முப்பது வருடமாக என்னிடம் இருந்த காசு, முதல் தடவையாக என் கையில் விழுந்தது. பவுனம்மாளின் கைச்சூடு அதில் இருந்தது. இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பெருவிரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு மூக்கும் தட்டுப்பட்டன. பெண்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

போட்டேன். மிளகளவு உருண்டை வந்தது.

நவராத்திரி முதல் நாள் காட்சியகம் திறந்தார்கள். நான் போகவில்லை. சான்றளிப்பவரே மோசடி என்று உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். அறைக்கு என் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டதால், சுவர் பெயர்ந்துவிடும் என்று அதைக் கழற்றவில்லை. உள்ளே குடிதண்ணீர் இயந்திரம் வைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அருணகிரி நாணய அறைக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்கிறார்கள். பவுனம்மாள் போன வாரம் ரேஷன் பையோடு வந்து, பச்சை லைட்டு எரிந்ததை நடித்தே காட்டினாள்.

கைமானியை எடுத்துப்போகக் கூரியர்க்காரர் சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை உண்ணாமலை பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். குங்குமச் சிமிழைத் திறந்தபோது அதற்குள் அந்தக் காசு தெரிந்தது. மருதப்பன் என் படத்தைப் பார்த்துச் செய்தது, நான் ஏமாந்து வாங்கியது. முழங்கால் கீறலோடு, உலகத்தில் இப்போது மிச்சம் இருக்கிற இரட்டை முக அம்மன்.

“கொஞ்சம் குடு” என்று வாங்கிக் கருவியில் வைத்தேன். உருக்கும் வாய்க்கு முன்னெச்சரிக்கையாக ஒரு பூரிக்கட்டையைக் கொடுத்திருந்தேன்.

பச்சை எரிந்தது. ‘ஒரே கை. பெண். பல வருடத் தொடுகை, அடுக்குமேல் அடுக்கு. மஞ்சள், புளி. உண்மை.’

“என்னங்க சொல்லுது?”

“ஒன் கை இருக்குன்னு சொல்லுது.”

“நான் தொட்ட காசுல பின்ன யாரு கை இருக்கும்? ஒங்க கை இருக்கான்னு கேளுங்க.”

“இல்ல.”

அவள் குங்குமக் கையோடு வந்து காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். “புடிச்சுக்கிட்டிருங்க. தேங்கா ஒடைக்கணும், அதுக்கப்பறம் வாங்கிக்கறேன்.”

இந்தக் காசைப் பதிவு செய்யட்டுமா என்று கைமானி கேட்டது. நான் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேங்காய் உடைக்கப் போனேன்.